ஒன்பது வெள்ளிச் சாம்பிராணி

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை. தலைக்குக் குளித்துவிட்டு ஸ்டூடியோ முழுக்கக் கழுவிவிட்டேன். வெளியே பலகையில் 'பூங்கொடி வீடியோஸ்' என்று என் பெயர் இருக்கிறது, ஆனால் துடைப்பம் பிடிக்கவும் பூங்கொடிதான் வரவேண்டியிருக்கிறது. கேமரா, லைட்டு, ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எடிட்டிங் பெட்டிக்கு மட்டும் தனி மரியாதை. சித்திரையில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் அது. தாராபுரத்தில் பாதிக் கல்யாணம் அதற்குள்தான் வீடியோவாகிறது. அது படுத்தால் நாங்களும் படுத்தோம். அதனால் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து முன்பக்கம் முழுவதும் பட்டை பட்டையாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

எடிட்டிங் செய்கிற மேகலா, "அக்கா, முன்னாடி இருக்கற ஓட்டையெல்லாம் காத்து உள்ள போற வழிங்க. சந்தனத்தப் பக்கவாட்டுல வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். கையில் துணியை வேறு எடுத்துவிட்டாள். நெற்றியில் வைக்கிற பொட்டை யாராவது முதுகில் வைப்பார்களா என்று கேட்டேன். துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொல்வதும் சரிதான் என்றார் என் வீட்டுக்காரர். மேகலா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இரண்டு வருடமாக அவள் சொல்வதெல்லாம் அவருக்குச் சரிதான். முன்பெல்லாம் எந்தச் சடங்குக்கு எந்தப் பாட்டு என்று என்னிடம்தான் கேட்பார்.

சாயங்காலம் கோயிலில் பூசாரி என் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார், தொழிலுக்குக் கண்பட்டிருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ட்ரோன் வைத்துக்கொண்டு கடை போட்டிருக்கிற பையன்களை நினைத்துக்கொண்டேன். ஒன்பது வெள்ளிக்கிழமை பெட்டி இருக்கிற அறையில் சாம்பிராணி போட வேண்டும், புகை வெளியே போகாமல் நிற்க வேண்டும் என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் வெள்ளி. ஏ.சி. அறை என்பதால் ஜன்னல் இல்லை, கதவைச் சாத்தினால் போதும். தணலை நன்றாக ஊதிச் சாம்பிராணித் தட்டைப் பெட்டிக்கு முன்னால் தரையிலேயே வைத்தேன். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. புகை மேலே போகவில்லை. பட்டை பட்டையாக வைத்த சந்தனத்துக்கு நடுவில் இருக்கிற ஓட்டைகள் வழியாக, தானாக, பெட்டிக்குள் போனது. யாரோ உள்ளே உட்கார்ந்து இழுத்துக்கொள்வது மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேகலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உள்ள ஃபேன் சுத்துதுங்கக்கா" என்றாள். சில பேருக்கு எதைக் காட்டினாலும் அவ்வளவுதான்.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டாவது வெள்ளி. கால் கிலோ சாம்பிராணி வாங்கினேன். மேகலா இருமிக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு சீமந்த வீடியோவை ஓடவிட்டிருக்கும்போது பெட்டி பட்டென்று நின்றுவிட்டது. எல்லாம் வெட்டி ஒட்டி முடித்தபிறகு, மொத்தத்தையும் ஒரே படமாக்க மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள், ரெண்டர் என்று பெயர். அது முடிகிற நேரத்தில் நின்றதால் மேகலாவுக்குப் பாதி நாள் வேலை போனது. கரண்டு வோல்டேஜ் குறைவாக இருக்கும் என்றார் வீட்டுக்காரர். டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்றாவது வெள்ளி. இரண்டு தடவை நின்றது. பூசாரிக்குப் போன் போட்டேன். கண் திருஷ்டி இறங்கும்போது அப்படித்தான் படுத்தும், செவ்வாய்க்கிழமையும் சேர்த்துப் போடு என்றார்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். மாவு பதம் சரியாக வரவில்லை. அண்ணன் போன் செய்தார். அவர் மகன் நவநீதன் கோயமுத்தூரில் எடிட்டிங் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறானாம். இடமிருந்தால் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 22, புதன்

யு.பி.எஸ்.ஸுக்கு பேட்டரி மாற்றியாயிற்று. திருப்பூரிலிருந்து வழக்கமாக வருகிற சர்வீஸ் தம்பி ஜாகிர், போனிலேயே கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் கரண்டு பிரித்துக்கொடுக்கிற பாகம் பற்றாமல் போயிருக்கலாம் என்றாராம். அதையும் வாங்கிவந்து மேகலாவே மாட்டினாள். ஆண்பிள்ளை மாதிரி ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்த மூடியைத் திறந்து மூடினாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். மாட்டி முடித்து ரெண்டர் போட்டதும் பழையபடி நின்றது.

இன்னொன்றையும் கவனித்துவிட்டேன். நான் மத்தியானம் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் போட்டோ பொறுக்கினேன். நிற்கவே இல்லை. அவர் உட்கார்ந்து போன மாத பில் அடித்தார். நிற்கவில்லை. மேகலா உட்கார்ந்தால்தான் நிற்கிறது. ரெண்டர் போடுவது தான் ஒருத்திதான் என்கிறாள் அவள். இருக்கலாம்.

சாப்பிடும்போது மேகலா அழுதாள். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதாம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். போன வருடம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையன் அடுத்த வாரமே பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டானாம். ராசி இல்லாத பெண் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இந்தக் கார்த்திகையில் காங்கயத்திலிருந்து வேறோர் இடம் வருகிறதாம். "அந்தக் கதை இவங்க காதுக்குப் போயிரக் கூடாதுங்கக்கா. அம்மாளுக்கு இன்னொரு வாட்டி தாங்காது" என்றாள். என் தட்டிலிருந்த ரசவடையை எடுத்து அவளுக்கு வைத்தேன். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

மேகலா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வாயில் வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பெட்டி சூடாகித்தான் நிக்குதுங்க. சாம்பிராணி போட்ட மறுநாளெல்லாம் ரொம்ப மோசமா இருக்குதுங்க. புகையெல்லாம் உள்ள போயி படியுதுன்னு நினைக்கறேன். அந்த ரூம்ல மட்டும் போடாம முன்னாடி ஹால்ல போட்டுக்கலாமுங்களா?"

வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன். உள்ளே ஏ.சி. வேறு ஓடுகிறது. பெட்டி சூடாம். அதுவும் சாமிக்குப் போட்ட புகையால் சூடாம். நெஞ்சு கொதித்தது. உனக்குச் சாமி புகை ஆகாதா கண்ணு என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

அவரிடம் சொன்னபோது, அந்தப் புள்ள சொன்னால் ஏதாவது இருக்கும் என்றார். அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க நான் என்ன மரக்கட்டையா? இனி தினமும் போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஐந்தாவது வெள்ளி. காலையும் மாலையும் போட்டேன். பெட்டி நின்று நின்று எழுந்தது. மேகலா பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் பெட்டியை அறுத்துப் போட்ட மாதிரி இருக்கும் என்று திரும்ப மூடச் சொன்னேன்.

அவர் முதன்முதலாக மேகலாவைச் சத்தம் போட்டார். அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோ இன்னும் பாதிகூட ஆகவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் பணியாரம் சுட்டேன், நன்றாக உப்பி வந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

பூக்காரம்மா கேட்டாள், உங்கள் கடைப் பெட்டி ஏன் இப்படிப் படுத்துகிறது என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் உட்கார்ந்தால் நிற்கிறது, யார் உட்கார்ந்தால் நிற்பதில்லை என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

எழுதவே கை வரவில்லை. நேற்று ஓட்டத்தின் நடுவில் நின்ற பெட்டி இன்று காலை எழுந்தது, ஆனால் அரிசி ஆலைக்காரர் வீட்டு முகூர்த்தம் உள்ளே இல்லை. தாலி கட்டியது, தாரை வார்த்தது எல்லாம் போயிற்று. வரவேற்பு மட்டும் மிச்சம். பெண்ணின் அப்பாவான ஆலைக்காரரே வந்து நின்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எங்கய்யனோட கடைசிப் படமுங்க அது. அட்சதை போட்டுட்டு வந்தவரு மறுவாரம் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அவர் காலில் விழாத குறை.

மேகலா போன மாதமே தனியாக ஒரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கலாம் என்றாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். கேமரா கார்டையும் மறுநாள் காதுகுத்துக்கு வேண்டுமென்று காலி செய்து கொடுத்துவிட்டேன். அதெல்லாம் எந்தக் கடையிலும் நடப்பதுதான். பெட்டி நிற்காமல் இருந்திருந்தால் எதுவும் போயிருக்காது. யாரால் நின்றது என்பதுதான் பேச்சு.

நவம்பர் 12, புதன்

மேகலா இன்று லீவு. காங்கயத்துக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். அவர் மூலனூரில் ஒரு கிரகப்பிரவேசம் எடுக்கப் போயிருந்தார். ஜாகிர் தம்பி வந்தபோது கடையில் நான் மட்டும்தான்.

பக்கவாட்டு மூடியைத் திறந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சூட்டை வெளியே தள்ளுகிற தகட்டின் இடுக்கெல்லாம் கறுப்பாக, பிசினாக, தாளிக்கிற கரண்டி அடியில் பிடித்த கரி மாதிரி அப்பியிருந்தது. விரலால் சுரண்டி என் மூக்கின் கிட்டே காட்டினார். சாம்பிராணி வாசம். முன்பக்க ஓட்டையெல்லாம் சந்தனம் காய்ந்து சிமெண்டாக நின்றது.

"இந்த ரூம்ல தினம் சாம்பிராணி போடறீங்களாக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "எங்க தர்காவுலயும்தான் போடறோம். தப்பே இல்ல. ஆனா இது உள்ள இழுத்து ஒட்டிக்கும். அது மேல தூசி படியும். அப்புறம் சூடு எங்க போகும்? சும்மா போட்டோ பாத்தா தாங்கும். ரெண்டர் போட்டா தாங்காது. ரொம்பச் சூடானா மெஷின் தன்னைக் காப்பாத்திக்கத் தானா நின்னுரும்."

மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்றை விட்டுக் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சந்தனத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்து மூடினார். ரெண்டர் போட்டுக் காட்டினார். மத்தியானம் முழுவதும் ஓடியது, நிற்கவே இல்லை.

கிளம்பும்போது, எங்கள் வீட்டுக்காரரிடம் தூசி என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி, அவர் மனசு கஷ்டப்படும் என்றேன். ஜாகிர் என்னைப் பார்த்தார். தூசி என்றே சொல்கிறேன், இனிமேல் உள்ளே போடாதீர்கள் என்றார். ஒரு டம்ளர் காபி கொடுத்தேன், பாதியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சர்வீஸ்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேகலா இன்று லீவு. பெட்டி இன்று நிற்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் அதைத்தான் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஏழாவது வெள்ளி. சாம்பிராணியை வாசலில் போட்டேன், அறையில் இடம் நெருக்கடி.

மேகலா சந்தோஷமாக வந்தாள். பையனுக்குப் பிடித்துவிட்டதாம், விசாரித்துவிட்டு வந்து பூ வைக்கிறோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்களாம். நேராக எடிட்டிங் அறைக்குப் போகப் பார்த்தாள். கொஞ்ச நாள் ஆல்பம் ஒட்டுகிற வேலையைப் பார் கண்ணு, பெட்டி இப்போதுதான் தேறியிருக்கிறது என்றேன்.

"சரியாயிருச்சுங்களா? என்ன பிரச்சனையாமுங்க?"

தூசி என்றேன்.

"அப்ப நான் ஒரு வாட்டி உக்காந்து பாக்கறனுங்கக்கா. நான் உக்காந்தாத்தான் நிக்குதுன்னு பூக்காரம்மா வரைக்கும் பேசறாங்க. ஓடுச்சுன்னா அந்தப் பேச்சு நின்னுருமுங்க" என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள். அவரும் ஒரு தடவை உட்கார வைத்துப் பார்க்கலாமே என்று இழுத்தார். அரிசி ஆலைக்காரர் உட்கார்ந்த கோலம் மறந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் கேமராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணனுக்குப் போன் செய்து நவநீதனை வரச் சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கார்த்திகை பிறந்துவிட்டது. வரிசையாக முகூர்த்தம்.

காங்கயத்துப் பையனின் அத்தை கடைக்கு வந்தாள். மகளுக்கு வளைகாப்பு எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். வளைகாப்பு எடுக்க யாரும் காங்கயத்திலிருந்து தாராபுரத்துக்கு வரமாட்டார்கள். பெண் வேலை பார்க்கிற இடத்தில் விசாரிக்க வந்திருக்கிறாள் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. நானும் தெரியாத மாதிரியே டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேகலா எப்படி என்று கேட்டாள். "தங்கமான புள்ளைங்க. வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். ஆனா என்று மட்டும் இழுத்தேன். ஏன் இழுக்கிறீர்கள் என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. அந்தப் புள்ள உக்காந்தா எங்க பெட்டி நின்னுருது. லீவு போட்ட அன்னைக்கு நிக்கல. ஒரு கல்யாணத்துல தாலி கட்டுனதே அழிஞ்சுபோச்சுங்க. அதுக்கு அவ என்ன பண்ணுவா, பாவம். கைராசின்னு ஒண்ணு நம்ம கையிலயா இருக்குது?"

தாலி என்ற வார்த்தையில் அந்த அம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இதற்கு முன்னால் யாராவது பார்த்துவிட்டுப் போனார்களா என்று கேட்டாள். அந்தக் காலொடிந்த பையன் கதையை நானாக எடுக்கவே இல்லை. அவள் கேட்டாள், சொன்னேன். முகத்துக்கு நேராகக் கேட்கிறவளிடம் பொய்யா சொல்ல முடியும்?

ரேஷனில் பருப்பு போடுகிறார்கள் என்றார்கள். போவதற்குள் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

மேகலா வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவர்தான் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

நவம்பர் 21, வெள்ளி

எட்டாவது வெள்ளி. அவர் நவநீதனைக் கூட்டிக்கொண்டு அலங்கியத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலையில் இடி மின்னலாக இருந்ததால் எடிட்டிங் பெட்டியின் வயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்திருந்தேன். பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிட்டது. திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

மேகலா அவள் அம்மாளோடு வந்தாள். மில்லுக்குப் போகிற நைந்த சேலையிலேயே வந்திருந்தாள் அந்த அம்மாள். காங்கயத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காரணத்தையும் சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைவிட வயதில் மூத்தவள், அப்படிச் செய்திருக்க வேண்டாம்.

மேகலா அழவில்லை. "ஒரே ஒரு வாட்டிங்கக்கா. நான் உக்காந்து ரெண்டர் போடறேன். ஓடறத நீங்க போன்ல எடுத்து அந்த அத்தைக்கு அனுப்புங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க அனுப்புனா நம்புவாங்க" என்றாள்.

பெட்டிக்கு இன்று கரண்டு இல்லை கண்ணு, வயர் போய்விட்டது என்றேன். வேறு வயர் வாங்கி வருகிறேன் என்றாள், எதிர்க்கடையிலேயே கிடைக்குமாம். வீட்டுக்காரர் இல்லாமல் பெட்டியைத் தொடக்கூடாது என்றேன். அம்மாள் இரண்டாவது தடவையும் கும்பிட்டாள். நான் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேகலா எடிட்டிங் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போகவில்லை. அங்கிருந்தே பெட்டியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சந்தனத்தத் தொடச்சுட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

பழசாகிவிட்டது, அதனால்தான் என்றேன்.

அவள் மூக்கை லேசாக உறிஞ்சினாள். அறையில் சாம்பிராணி வாசமே இல்லை. வெள்ளிக்கிழமையாயிற்றே. வாசலில் இருந்த தட்டையும் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். பதில்கூட எடுத்து வைத்திருந்தேன். அவளோ அம்மாளுடைய கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "வாம்மா, போலாம். அக்காளுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திமிர்தான். என்ன தெரியுமாம் எனக்கு? மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

நவநீதன் முதல் கல்யாணத்தை ரெண்டர் போட்டு முடித்தான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "நீ சொன்னது சரிதான் பூங்கொடி. நாந்தான் நம்பல" என்றார். எவ்வளவு வருடமாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு.

மேகலாவின் டிபன் பாக்ஸ் ஆல்பம் அலமாரியில் கிடந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்துவிட வேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி

ஒன்பதாவது வெள்ளி. வேண்டுதல் முடிந்தது. பூசாரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தேன். கண் கழிந்துவிட்டது, முகத்திலேயே தெரிகிறது என்றார்.

பூக்காரம்மா சொன்னாள், மேகலாவை அவள் மாமா ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனி ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம். இங்கே இனி யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று. பெண்பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கடைசி வெள்ளி என்பதால் சாம்பிராணி நிறையப் போட்டேன். கடை முழுக்கப் புகை, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. போடுவதற்கு முன்னால் எடிட்டிங் அறைக் கதவைச் சாத்தி, அடியில் இருக்கிற இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி நன்றாக அடைத்தேன். நவநீதன் உள்ளே ரெண்டர் போட்டிருந்தான். பெட்டி நிற்கவே இல்லை. கைராசி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.